விளக்கு வைத்த நேரத்துக் குப்பை

காலை 6.41. ஆலையின் பக்கவாசலில் முதலில் கண்ணில் பட்டது ஒரு வரிசைத் துடைப்பங்கள். எல்லாம் ஒரே உயரத்தில் சுவரில் தொங்கின. ஒவ்வொன்றின் பின்னாலும் அதே துடைப்பத்தின் உருவம் மஞ்சள் பெயின்டில் வரையப்பட்டிருந்தது. ஒன்றை எடுத்தால் அதன் வடிவம் சுவரில் நிற்கும். எது காணவில்லை என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"வேலைக்கு வந்த மொத நாளே தொடப்பத்து மூஞ்சில முழிக்க வச்சிட்டாங்களே," என்று பின்னால் ஒரு குரல்.

திரும்பினேன். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண். நெற்றியில் திருநீறு, கையில் சாப்பாட்டுப் பை. ஆலைப் பேருந்திலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தாள்.

"அண்ணனும் புதுசா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"சப்பாத்து சொல்லுது. நடக்கிறப்ப கீச்சு கீச்சுன்னு கத்துது லா."

அவள் திகாம் பத்துவுக்கு உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தாள். நான் பாக்கார் ஆராங்கிலிருந்து காரில் வந்தேன். அதுவரை நான் வேலை செய்தது பத்திரிகையில். சுங்கை பட்டாணியில் இருந்த எங்கள் சிறிய செய்தி அலுவலகத்தை மூடிய பிறகு, இந்த ஜப்பானிய ஆலையின் தரப் பிரிவில் ஆவண எழுத்தர் வேலை கிடைத்தது. எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கும் விதிமுறைகளைத் திருத்தி, தட்டச்சு செய்து, கோப்பில் வைக்க வேண்டும். செய்தியைத் திருத்தியவனுக்கு விதியைத் திருத்துவது பெரிய மாற்றமாகத் தெரியவில்லை.

முதல் வாரம் பயிற்சி அறையில் கழிந்தது. புதியவர்கள் ஆறு பேர். தமிழர்கள் நாங்கள் இருவர். பயிற்சி கொடுத்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க மலாய்ப் பெண். ஜப்பானில் ஓர் ஆண்டு இருந்து படித்துவிட்டு வந்தவர். எல்லாரும் அவரை காக் என்று அழைத்தார்கள்; மலாயில் அக்காதான். அவர் தோட்டத்துப் பக்கத்துக் கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், வளர்ந்தவர் என்பதால் திகாம் பத்துக்காரியைத் 'தங்காச்சி' என்று கூப்பிட்டார். வாரம் முடிவதற்குள் எங்கள் எல்லாருக்கும் அவள் தங்கச்சி ஆகிவிட்டாள்.

முதல் நாளே காக் எங்கள் இடது கையில் ஒரு பச்சைப் பட்டையைக் கட்டி, சட்டைக் கையோடு சேர்த்து ஊசி குத்தினார். புதியவர்கள் மூன்று மாதம் பட்டையோடுதான் நடமாட வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் ஆலைத் தலைவர் பட்டையைக் கழற்றினால் வேலை நிரந்தரம். கழற்றாவிட்டால் அன்றோடு சரி.

தங்கச்சி தன் பட்டையை இரண்டு முறை தடவிப் பார்த்தாள். மதியம் கண்டினில் காரணத்தைச் சொன்னாள். அவளுக்கு ஆலை வேலை புதிதல்ல. பல வருடமாக ஏஜென்ட் ஆளாக வேலை செய்தவள். ஏஜென்டின் வேன் விடியற்காலையில் சாலையோரம் வந்து ஏற்றிக்கொள்ளும்; எந்த ஆலையில் இறக்கும் என்பது ஏஜென்டின் விருப்பம். கையுறை, பிஸ்கட், தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் பார்த்திருக்கிறாள்.

"வேலை இல்லைன்னா இல்லைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க அண்ணே. வேன் வராது, அவ்வளவுதான். நாமளே ரோட்டோரமா நின்னு நின்னு தெரிஞ்சிக்கணும். கம்பெனியே நேரா எடுத்தது இதான் மொத தடவை. இந்தப் பட்டை கழண்டா நான் கம்பெனி ஆளு. இல்லாட்டி மறுபடியும் வேனு."

அவள் முன்னால் மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

பயிற்சியில் முதல் பாடம் குனிவது. சுவரில் அட்டையில் செய்த பெரிய கோணமானி ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் நின்று குனிய வேண்டும். நடைபாதையில் ஆளைக் கடக்கும்போது பதினைந்து டிகிரி, விருந்தினருக்கு முப்பது, மன்னிப்புக்கு நாற்பத்தைந்து. என் முதுகு முப்பதுக்கே ஒத்துக்கொள்ளவில்லை. இருபதில் நின்றது.

"அபாங், இது நீங்க உங்களுக்கே வணக்கம் வைக்கிற மாதிரி இருக்கு," என்றார் காக். அபாங் என்றால் மலாயில் அண்ணன்.

தங்கச்சிக்கு வேறு சிக்கல். அவளால் எத்தனை டிகிரி வேண்டுமானாலும் குனிய முடிந்தது. ஆனால் குனிந்ததும் இரண்டு கையும் தாமாக எழுந்து நெஞ்சுக்கு முன்னால் கூப்பிக்கொண்டன. கையைத் தொடையில் வைக்கச் சொல்லிக் காக் பலமுறை இறக்கிவிட்டார்.

"நான் என்ன செய்யட்டும் காக், தலை கீழ போனா கை மேல வருது."

மூன்றாம் நாள் ஆலைத் தலைவர் வந்தார். ஐம்பதுகளில் இருந்த ஜப்பானியர், ஒல்லியான உடல், எங்களுடையதைப் போன்ற சாம்பல் நிறச் சட்டை. மலாய் கொஞ்சம் பேசுவார். கடைக்காரரிடம் பழகிய மலாய். பெயர் அட்டை வாங்கும் பாடத்தை அவரே நடத்துவது வழக்கம். அவர் இரண்டு கையாலும் அட்டையை நீட்டுவார்; நாம் இரண்டு கையாலும் வாங்கி, படித்துப் பார்த்து, மரியாதையாக வைத்துக்கொள்ள வேண்டும். சட்டைப் பையில் செருகக் கூடாது.

தங்கச்சியின் முறை வந்தது. இடது கையை வலது கைக்குக் கீழே கொடுத்து, உள்ளங்கையைக் குழித்து அட்டையை வாங்கினாள். ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதை வலது கண்ணில் ஒற்றி, இடது கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

காக் கண்களை மூடிக்கொண்டார். ஆலைத் தலைவர் அவர் பக்கம் திரும்பி மெல்ல ஏதோ கேட்டார். காக் ஜப்பானிய மொழியில் பதில் சொன்னார். கோயிலில் பிரசாதம் வாங்கும் முறை அது என்று சொன்னதாகப் பிறகு எங்களிடம் சொன்னார். ஆலைத் தலைவர் கையில் மிச்சமிருந்த தன் அட்டைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு தங்கச்சிக்குக் குனிந்து வணங்கினார். பின்னால் கோணமானி இருந்ததால் என்னால் பார்க்க முடிந்தது. சரியாக முப்பது.

அடுத்தது சுட்டிக்காட்டும் பாடம். சரக்கு வண்டி ஓடும் பாதையைக் கடக்கும் முன் நின்று, வலப்பக்கம் விரலை நீட்டி, இடப்பக்கம் நீட்டி, முன்னால் நீட்டி, ஒவ்வொரு முறையும் 'யோஷி' என்று உரக்கச் சொல்ல வேண்டும். வண்டி இல்லை, போகலாம் என்று பொருள். மலாய்ப் பெண்களுக்குச் சுட்டுவிரல் நீட்டுவது கூச்சமாக இருந்தது. கட்டைவிரலால் நாசூக்காகக் காட்டினார்கள். அந்த மரியாதையெல்லாம் கல்யாண வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்காரனுக்கு விரல் தெரிய வேண்டும் என்றார் காக். தங்கச்சிக்கு இந்தப் பாடம் உடனே ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலையில் திகாம் பத்து முச்சந்தியில் சாலையைக் கடக்கும்போது விரலை நீட்டி 'யோஷி' என்றிருக்கிறாள். எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரன் போக்குவரத்தை அவள்தான் கவனிக்கிறாள் என்று நினைத்து வண்டியை நிறுத்திவிட்டானாம்.

கடைசிப் பாடம் கெட்ட செய்தி. தவறு நடந்தால் அதை முதலில் சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும், கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் செய்வதற்கு முன் கேட்க வேண்டும். அந்த வாரத்தில் எனக்கு ஏற்கெனவே பழக்கமாக இருந்த பாடம் இது ஒன்றுதான். பத்திரிகையில் முதல் வரியிலேயே வீடு எரிந்துவிட வேண்டும். ஆனால் தங்கச்சி கையைத் தூக்கினாள்.

"எடுத்த எடுப்புல கெட்டதைச் சொன்னா கேக்கிறவங்க என்ன ஆவாங்க காக்? எங்க பக்கம் மொதல்ல சாப்பிட்டாச்சான்னு கேப்போம். வயிறு நெறஞ்சிருந்தாத்தான் சொல்லுவோம்."

"இங்க சாப்பாடெல்லாம் கேக்க வேணாம். நேரா விஷயம். எங்க, செஞ்சு காட்டு."

தங்கச்சி எழுந்து நின்றாள். கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"காக், சாப்பிட்டாச்சா?"

"தங்காச்சி!"

"சரி சரி. காக், உங்க கார் டயரு இறங்கிப் போய் கிடக்கு."

"ம். இப்படித்தான் சொல்லணும். நல்லாருக்கு."

"இல்ல காக், நெசமாவே. முன் டயரு. காலைல பார்த்தேன்."

காக் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். பயிற்சி அத்தோடு முடிந்தது.

தங்கச்சியைச் சோதனை அறையில் போட்டார்கள். கார்க் கதவைப் பூட்டும் சிறிய மோட்டார்கள் அங்கே வரும். அவற்றின் மூடியில் கடுகுக்குக் கொஞ்சம் பெரிய திருகாணிகளை முடுக்கி, ஓடவிட்டுக் கேட்டு, பெட்டியில் அடுக்க வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் மேசை. தலையை நிமிர்த்தினால் அவள் தெரிவாள்.

வேலை மாலை ஏழு மணிக்கு முடியும். 6.45க்கு ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு வரும். அந்த மெட்டு கேட்டதும் ஆலை முழுவதும் கையில் இருப்பதை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுக்கும். எழுத்தரும் கூட்டுவார், மேலாளரும் கூட்டுவார்; அவரவர் இடம் அவரவர் பொறுப்பு. ஆலைத் தலைவர் தன் அறையைக் கூட்டிவிட்டு வெளியே வந்து நடைபாதையையும் கூட்டுவார். கூட்டிய குப்பையைப் பின்கட்டில் உள்ள பெரிய தொட்டியில் 6.55க்குள் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. அந்த விதியைத் தட்டச்சு செய்ததே நான்தான்.

தங்கச்சி கூட்டுவதை வேடிக்கை பார்க்கலாம். மேசைக்கு அடியில், நாற்காலிக் கால்களுக்கு இடையில், சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஒரு தூசி விடமாட்டாள். சில வாரம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். மற்றவர்கள் முறத்தோடு பின்கட்டுக்குப் போவார்கள். அவள் போவதில்லை. குப்பையை ஓர் அட்டை மூடியில் கொட்டி, கடைசி அலமாரிக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு பத்திரிகைத் தாளை மடித்து மூடிவிட்டுக் கை கழுவப் போய்விடுவாள். மறுநாள் காலை, வேலைக்கு முன் எல்லாரும் செய்யும் உடற்பயிற்சிக்கு மெட்டு போடுவதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் கொட்டிவிட்டு வருவாள். பத்திரிகைத் தாள் என்னுடையது. பழைய பேப்பர் இருக்கிறதா அண்ணே என்று அவ்வப்போது கேட்டு வாங்கியிருந்தாள். டப்பாவைச் சுற்ற என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் பேருந்து நிற்கும் இடத்தில் கேட்டேன்.

"விளக்கு வச்ச பிறகு குப்பைய வெளிய கொட்டுவாங்களா அண்ணே? லட்சுமி போயிருவா."

"அது வீட்டுக்கு. இது ஃபேக்டரி."

"ஏன், ஃபேக்டரிக்கு லட்சுமி வேணாமா? அப்புறம் சம்பளம் எங்கருந்து வருமாம்?"

"கூட்டுறது மட்டும் பரவாயில்லையா?"

"கூட்டவே கூடாதுதான். ஆனா பாட்டு போடுறாங்களே. கூட்டினா மூலைல ஒதுக்கி வச்சிட்டு விடிஞ்சதும் கொட்டலாம். எங்கம்மா அப்படித்தான் செய்வாங்க."

நான் மேற்கே காட்டினேன். ஜெராய் மலைக்கு மேல் வெயில் மஞ்சளாக நின்றது. எங்கள் ஊரில் ஏழு மணிக்கு முன் சூரியன் மறைவதில்லை.

"இன்னும் இருட்டவே இல்லையே."

"எங்க தோட்டத்துல ஆறரைக்கு விளக்கு வச்சிருவாங்க. சூரியன் லேட்டாப் போறது அவன் இஷ்டம்."

"காக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடேன்."

"கேட்டா வேணாம்பாங்க. வேணாம்னு சொன்ன பிறகு செஞ்சா அது தப்பு. கேக்காம செஞ்சா அது பழக்கம்." பேருந்து வந்தது. ஏறும்போது என்னைப் பார்த்து விரலை நீட்டி 'யோஷி' என்றாள்.

மூன்றாம் மாதத்தின் கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, சோதனை அறைக்கு ஆய்வு வந்தது. ஆலைத் தலைவர் வெள்ளைக் கையுறையும் கைவிளக்குமாக வந்தார். பின்னால் காக், கையில் சிவப்புச் சீட்டுகளோடு. குறை கண்ட பொருளில் சிவப்புச் சீட்டு தொங்கவிடப்படும். பச்சைப் பட்டைக்காரருக்கு அது விழுந்தால் பட்டை கழல்வது சந்தேகம். இதுவும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மற்ற மேலாளர்கள் அலமாரியின் மேல்தட்டை விரலால் தடவிப் பார்ப்பார்கள். ஆலைத் தலைவர் தரையில் மண்டியிட்டு அடியில் விளக்கடித்துப் பார்ப்பவர். மண்டியிட்டார். அட்டை மூடியை இழுத்தார். மேலே இருந்த தாளைத் தூக்கிப் பிடித்தார்.

தமிழ்ப் பேப்பர்.

அவர் தாளைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். தினமும் காலையில் தமிழ்ப் பேப்பரோடு வருபவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான். என் கையிலும் பச்சைப் பட்டை இருந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

எழுந்ததும் தங்கச்சி முன்னால் வந்தாள். குனிந்தாள். கைகள் தொடையில் இருந்தன, நாற்பத்தைந்து டிகிரிக்குக் குறையவில்லை. நிமிர்ந்து, ஆலைத் தலைவரைப் பார்த்து மலாயில் கேட்டாள்.

"சூடா மாக்கான், சான்?"

சாப்பிட்டாயிற்றா, ஐயா என்று.

காக் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். ஆலைத் தலைவர் மண்டியிட்டபடியே கொஞ்சம் யோசித்தார்.

"பெலும்," என்றார். இன்னும் இல்லை.

அப்படி ஒரு பதில் வரும் என்று தங்கச்சி எதிர்பார்க்கவில்லை. சாப்பிடாதவரிடம் மேற்கொண்டு சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் நின்றது கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிந்தது. பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். குப்பை அவளுடையது, பேப்பர் மட்டும் அண்ணனுடையது, அவருக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஏன் என்று கேட்டார். லட்சுமி, விளக்கு, விடியும்வரை மூலையில் வைப்பது என்று அவள் மலாயில் சொல்ல, காக் ஜப்பானிய மொழியில் சொன்னார். ஆலைத் தலைவர் சன்னலைக் காட்டி ஏதோ கேட்டார்.

"வெயில் இருக்கேன்னு கேக்கிறார்," என்றார் காக்.

"விளக்கு வச்சாச்சு. சூரியன்தான் லேட்டுன்னு சொல்லுங்க காக்."

காக் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். ஆலைத் தலைவர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொள்வதற்காகவா, கேட்டுக்கொண்டதற்காகவா என்று தெரியவில்லை. பிறகு காக்கிடமிருந்து சிவப்புச் சீட்டை வாங்கி அட்டை மூடியில் கட்டினார். தாளை முன்பு இருந்தபடியே மடித்து மூடி, அலமாரிக்கு அடியில் திருப்பித் தள்ளினார். சீட்டு கட்டிய பொருளை அவர் முடிவு சொல்லும்வரை யாரும் தொடக் கூடாது. முடிவு வியாழக்கிழமை.

பேருந்து நிற்கும் இடத்தில் தங்கச்சி கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள்.

"வேன்காரன் நம்பரு இருக்கு. போன வாரந்தான் அழிச்சிரலாம்னு நெனச்சேன். நல்லவேளை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பேருந்து வந்தபோது விரல் நீட்டவில்லை.

மறுநாள் காலை திருகாணி எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. முந்தின நாள் கிடங்கிலிருந்து கொடுத்த திருகாணிகளும், மோட்டாரில் ஏறியவையும், தட்டில் மிச்சம் இருப்பவையும் காலையில் கணக்குப் பார்க்கப்படும். அவை ஒத்துப்போக வேண்டும். ஒன்று குறைந்தால் அது ஒரு மோட்டாருக்குள் விழுந்திருக்கலாம். மோட்டாருக்குள் விழுந்தால் எங்கோ ஒரு காரின் கதவு ஒரு நாள் திறக்காமல் போகலாம். அதனால் முந்தின நாள் பெட்டிகள் ஒன்றுகூட வாசலைத் தாண்டக் கூடாது. பினாங்குத் துறைமுகத்துக்குப் போகவேண்டிய லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கினார்கள். லாரி ஓட்டுநர் அணைத்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பால் சேர்க்காத தேநீரான தே ஓ குடித்தார்.

பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன் தரையைத் தேட வேண்டும். தேடினோம். எழுத்தர்களையும் கூப்பிட்டார்கள், காந்தம் கட்டிய குச்சியோடு நானும் தவழ்ந்தேன். என் சப்பாத்து இன்னும் கத்திக்கொண்டிருந்தது. தரையில் ஒன்றும் இல்லை. பின்கட்டுத் தொட்டியில் ஆலையின் அத்தனை பிரிவுக் குப்பையும் ஒன்றாகக் கிடந்தது. அதைச் சாய்த்துக் கொட்டி நான்கு பேர் கிளறினார்கள். அதில் இரும்புத் தூளும் கம்பித் துண்டும் காந்தத்தில் தாடிபோல ஒட்டினவே தவிர, திருகாணி இல்லை. ஆலைத் தலைவரும் தொட்டிப் பக்கம் முழங்காலில் இருந்தார்.

திடீரென்று அவர் எழுந்தார். கையுறையைத் தட்டிக்கொண்டு சோதனை அறைக்குள் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். சிவப்புச் சீட்டு கட்டிய மூடியை வெளியே இழுத்து, தமிழ்ப் பேப்பரை எடுத்துப் பக்கத்தில் வைத்து, காந்தத்தைக் குப்பையின் மேல் மெதுவாகக் கொண்டுபோனார்.

டிக்.

அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. காந்தத்தை உயர்த்தி, விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். கடுகுக்குக் கொஞ்சம் பெரியது. முதலில் யாரும் கைதட்டவில்லை. லாரிக்காரரிடம் சொல்லுங்கள் என்று காக் கத்திய பிறகுதான் எல்லாரும் ஒரேயடியாகப் பேச ஆரம்பித்தார்கள். தங்கச்சி மட்டும் தன் மேசைக்குப் போய் அடுத்த மோட்டாரை எடுத்தாள்.

"இப்ப என்ன பயம்? நீதான் காப்பாத்தியிருக்கே," என்று பக்கத்து மேசைப் பெண் சொன்னாள்.

"சீட்டு இன்னும் தொங்குதே லா," என்றாள்.

வியாழக்கிழமை கூட்ட அறை. வாசலுக்கு எதிரே, உள்ளே தள்ளியிருக்கும் நாற்காலி மதிப்புக்குரியவருக்கு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தங்கச்சி வாசலுக்கு மிகப் பக்கத்தில், கிட்டத்தட்ட வெளியே, உட்கார்ந்தாள். காக் அவள் எதிரில். கூட்டக் குறிப்பு எழுத நான் ஓரத்தில்.

ஆலைத் தலைவர் வந்து உட்கார்ந்தார். தங்கச்சியைப் பார்த்து மலாயில் கேட்டார்.

"சூடா மாக்கான்?"

தங்கச்சியின் முகம் வெளுத்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன வரும் என்று அந்த அறையில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"சூடா," என்றாள், காதில் விழாத குரலில். ஆயிற்று.

அவர் ஜப்பானிய மொழியில் பேச, காக் மலாயில் சொல்லிக்கொண்டு வந்தார். சிவப்புச் சீட்டு அப்படியே நிற்கும். திருகாணி கிடைத்தது வேறு விஷயம். ஆனால் குப்பை வைத்ததற்காகச் சீட்டு இல்லை, கேட்காமல் வைத்ததற்காக. சந்தேகம் இருந்தால் முதலில் கேட்க வேண்டும் என்பதுதானே பாடம்.

தங்கச்சி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"காக், ஒன்னு கேக்கலாமா? நான் கேட்டிருந்தா சான் என்ன சொல்லியிருப்பாரு?"

காக் என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன். காக் மொழிபெயர்த்தார்.

ஆலைத் தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தார். பிறகு காக்கின் மொழிபெயர்ப்பை எதிர்பார்க்காமல் நேராக மலாயிலேயே சொன்னார்.

"வேண்டாம் என்றிருப்பேன்."

முதலில் சிரித்தது காக். அவர் முக்காட்டு நுனியால் வாயை மூடிப் பார்த்தார், முடியவில்லை. ஆலைத் தலைவரின் தோள்கள் குலுங்கின. தங்கச்சி சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்து, நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். குறிப்பில் இந்த இடத்தில் என்ன எழுதினேன் என்று இப்போது நினைவில்லை.

அவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். தங்கச்சியின் இடது கையிலிருந்து ஊசியைக் கழற்றி, பச்சைப் பட்டையை எடுத்துக் காக்கிடம் கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நிரந்தர ஊழியர் அணியும் ஆலை வில்லையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அவள் இடது கையை வலது கைக்குக் கீழே கொடுத்து வாங்கினாள். வலது கண்ணில் ஒற்றினாள். இடது கண்ணில் ஒற்றும்போது அது ஈரமாக இருந்தது.

அவர் குனிந்தார். இந்த முறை பின்னால் கோணமானி இல்லை.

"இப்ப கை கூப்பலாமா காக்?" என்று கேட்டாள்.

"கேட்டுட்டே இல்ல, கூப்பிக்கோ."

வெளியே வந்ததும் கைப்பேசியை எடுத்து வேன்காரன் நம்பரை அழித்தாள். அழித்துவிட்டு என்னைப் பார்த்து, "அண்ணனுக்கு எப்ப கழட்டுவாங்களாம்?" என்றாள்.

"திங்கக்கிழமை."

"அதுவரைக்கும் பேப்பரை ஒளிச்சு வைங்க."

அன்று பிற்பகல் விதியைத் திருத்தும் வேலை என் மேசைக்கு வந்தது. கூட்டுவது பழையபடி 6.45க்கு. கூட்டிய குப்பையை ஒவ்வொரு பிரிவும் மூடியுள்ள பெட்டியில் இரவு வைத்திருந்து, காலையில் எண்ணிக்கை பார்த்த பிறகே கொட்ட வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் ஆலைத் தலைவர் சொன்னபடி 'திருகாணி எண்ணிக்கை' என்று தட்டச்சு செய்தேன். மலாய், ஆங்கிலம், ஜப்பானிய மொழி மூன்றிலும் அச்சடித்து, மறுநாள் துடைப்பங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள்.

எங்கள் ஆலையில் இப்போது குப்பை கொட்டும் நேரம் காலை 7.15.